ரோகிணி நட்சத்திரம், பையனுக்கு பேர் சொல்லுங்க

ஃப்ரெண்ட்ஸ், பையன் பொறந்து மூணு வாரம் ஆச்சு, ரோகிணி நட்சத்திரம், ஜோசியர் ஓ, வ, வி, வு-ல வைக்கச் சொல்றாரு, மாமியார் குலசாமி பேரு வரணுங்கறாங்க, எனக்கு சின்னதா தமிழ்ப் பேரா வேணும். ஐடியா குடுங்க ப்ளீஸ்.

பதில்: வளவன் வைங்க, சோழ ராஜாக்களோட பட்டப்பேரு. பாண்டியருக்கு வழுதின்னு இருக்கு, ஆனா அந்த ழ-வை வெளியூர்ல படாதபாடு படுத்திருவாங்க 😀

பதில்: குலசாமி பேரை தொட்டில் போடறப்ப காதுல சொல்லிடுங்க, சர்டிபிகேட்ல உங்களுக்குப் புடிச்சது. எங்க வீட்ல அப்படித்தான்.

பதில்: அவசரமே வேணாம் சிஸ். பேர் இல்லாமலே பிறப்பைப் பதிஞ்சுட்டு ஒரு வருசத்துக்குள்ள ஃபீஸ் இல்லாம சேத்துக்கலாம், அதுக்கப்புறம் 15 வருசம் வரைக்கும் லேட் ஃபீஸ். ஸ்பெல்லிங், இனிஷியல் மட்டும் நல்லா செக் பண்ணுங்க, ஏத்திட்டா மாத்தறது பெரிய அலைச்சல்.

கேட்டவர்: வளவன் அவருக்கும் ஓகே! அத்தைகிட்ட இன்னிக்கு பேசணும்.