பொருள்: மூவபிள், ஆஃப்லைனபிள் நினைவகம் – தமிழ்ச்சொல் தேவை

மதுரையிலிருந்து:

வணக்கம். இயங்குதளப் பாடக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையக்கரு) 'சோன் மூவபிள்' என்ற நினைவக மண்டலத்தைப் பற்றிய பகுதியில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் நினைவகத்தின் ஒரு தொகுதியை விடுவிக்க, அதாவது ஆஃப்லைன் செய்ய, அதிலுள்ள பக்கங்கள் எனப்படும் சிறு துண்டுகளையெல்லாம் வேறிடத்துக்கு மாற்றியாக வேண்டும். பயனர் நிரலின் பக்கம் என்றால் சிக்கலில்லை. உள்ளடக்கத்தை நகலெடுத்து, பக்கம் எங்கே இருக்கிறது என்று குறிக்கும் பக்க அட்டவணையைத் திருத்தினால் போதும், நிரலுக்குத் தெரியவே தெரியாது. கெர்னல் தனக்கென எடுத்துக்கொண்ட பக்கங்கள் பெரும்பாலும் அப்படியல்ல. அவற்றின் முகவரியைச் சுட்டிகள் (பாயிண்டர்கள்) நேரடியாகப் பிடித்திருக்கும். 128 எம்பி தொகுதியில் 4 கேபி பக்கங்கள் 32,768. அதில் ஒன்று அசைய மறுத்தாலும் மொத்தத் தொகுதியும் மாட்டிக்கொள்ளும். மாற்ற முடிந்தவற்றை மட்டும் ஓரிடத்தில் வைக்கும் இந்த மண்டலம் 2.6.23 பதிப்பிலிருந்தே (2007) இருக்கிறது.

என் பரிந்துரை: மூவபிளுக்கு நகர்த்தத்தக்க நினைவகம், ஆஃப்லைனபிளுக்கு அகற்றத்தக்க நினைவகம்.

தஞ்சாவூரிலிருந்து:

'பெயர்' என்ற அருமையான வினை இருக்க 'நகர்த்து' எதற்கு? நம் உரையாசிரியர்கள் தொழில் என்பதையே புடைபெயர்ச்சி என்றுதான் விளக்கினார்கள். "புல்லிக் கிடந்தேன் புடைபெயர்ந்தேன்" என்கிறாள் குறளின் தலைவி (1187). சற்றே விலகினாள், அந்த இடத்தைப் பசலை அள்ளிக்கொண்டது. குருப்பெயர்ச்சி தெரியாத வீடு உண்டா? பெயர்நினைவகம், பெயராநினைவகம் என்று வைத்தால் எதிர்ச்சொல்லும் கூடவே கிடைத்துவிடுகிறது.

கோயம்புத்தூரிலிருந்து:

ஐயா, குறள் அழகுதான். ஆனால் கெர்னலில் நடப்பது அதற்கு நேர்மாறு. காலியான பக்கத்தை வேறு யாரும் அள்ளிக்கொள்ளக் கூடாது என்றுதான் முதலில் தொகுதியைத் தனிமைப்படுத்துகிறார்கள், அப்புறம்தான் பக்கங்களை மாற்றுகிறார்கள். மேலும், பெயர்கள் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்துவைக்கும் நேம்ஸ்பேஸைப் பெயர்வெளி என்று ஏற்கெனவே எழுதி வருகிறோம். பெயர்நினைவகம் என்றால் 'பெயரிட்ட நினைவகம்' என்றே மாணவர் படிப்பார்.

'அகற்றத்தக்க' என்பதும் வேண்டாம். ஆஃப்லைன் செய்வது வேறு, அகற்றுவது வேறு. ஆஃப்லைன் செய்த தொகுதி கணினியிலேயேதான் இருக்கும். கெர்னல் அதைப் பயன்படுத்தாது, அவ்வளவே. வேண்டுமானால் மறுபடி ஆன்லைன் செய்துகொள்ளலாம். அகற்றுவது அதற்கடுத்த படி. கெர்னலிலேயே இந்தக் குழப்பம் உண்டு: ஒரு தொகுதியை ஆஃப்லைன் செய்ய வாய்ப்பிருக்கிறதா என்று காட்ட வந்த கோப்புக்கு 'ரிமூவபிள்' என்று பெயர் வைத்தார்கள். இன்று கெர்னலில் ஆஃப்லைன் செய்யும் வசதி இருந்தாலே அந்தக் கோப்பு 1 (ஆம்) என்று காட்டிவிடும்.

'ஒதுக்கு' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், ஒதுக்கீடு என்பது அலொகேஷன், நிரலுக்கு நினைவகம் கொடுப்பது. எனவே நகர்வது பக்கம், விலகுவது தொகுதி: 'நகர்த்தத்தக்க பக்கம்', 'விலக்கத்தக்க தொகுதி'.

யாழ்ப்பாணத்திலிருந்து:

'விலக்கு' சரி. 'இடம்பெயர்' என்று மட்டும் யாரும் போய்விடாதீர்கள். இங்கே இடம்பெயர்ந்தோர் என்றால் போரில் வீடு விட்டுப் போனவர்கள். பக்கங்கள் இடம்பெயர்ந்தன என்று ஒரு பாடக் கையேட்டில் வாசிக்க மனம் ஒப்பாது.

சோனுக்கு மண்டலம் ஏன்? நாங்கள் வலயம் என்கிறோம், கல்வி வலயம் போல. ஆன்லைனுக்கும் எங்களிடம் நிகழ்நிலை என்ற சொல் இருக்கிறது, 2024இல் வந்த சட்டத்தின் பெயரே நிகழ்நிலைக் காப்புச் சட்டம்தான். அதற்கு இணையாக ஆஃப்லைனை அகல்நிலை என்னலாம்.

கோயம்புத்தூரிலிருந்து:

நிலையைக் குறிக்க அகல்நிலை பொருந்தும், ஏற்கிறேன். செயலைக் குறிக்க ஒரு வினை வேண்டும், அதற்கு 'விலக்கு' இருக்கட்டும். இன்னொன்றும் கையேட்டில் வர வேண்டும்: எல்லா நினைவகத்தையும் இந்த மண்டலத்தில் போட்டுவிட்டால், ஏராளமான இடம் காலியாக இருக்கும்போதே கெர்னலுக்கு மட்டும் நினைவகம் தீர்ந்துபோகும். கெர்னலுக்கான பங்கைப் போல மூன்று மடங்கு, மிஞ்சினால் நான்கு மடங்கு வரை போகலாம் என்கிறது கெர்னல் ஆவணம்.

மதுரையிலிருந்து:

சரி. நகர்த்தத்தக்க பக்கம், விலக்கத்தக்க தொகுதி, அகல்நிலை என்று போடுகிறேன். எங்கள் மாணவர்களுக்குப் பழகியது மண்டலம் என்பதால் அதுவே இருக்கும், வலயம் அடைப்புக்குறியில் வரும்.

தஞ்சாவூரிலிருந்து:

எனக்குச் சம்மதமில்லை. 'நகர்த்தத்தக்க' என்று வகுப்பில் இரண்டு தரம் சொன்னாலே நாக்கு இடறும், மூன்றாம் தரம் மூவபிள் என்றே சொல்லிவிடுவார்கள். பக்கங்களை வேறிடத்துக்கு மாற்றும் மைக்ரேஷனுக்காவது பக்கப்பெயர்ச்சி என்று போடுங்கள். அங்கே பெயர்வெளியோடு குழம்ப வழியில்லை.