காம்ரேட்ஸ் போன்ற நெடுந்தூர ஓட்டத்துக்கு மனத்தைத் தயார்ப்படுத்துவது எப்படி?

கேள்வி – கோவை ஓட்டக்காரர்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். முழு மாரத்தான்கள் சிலவற்றை ஓடி முடித்திருக்கும் நான், தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் தொடங்கி டர்பனில் முடியும் காம்ரேட்ஸ் ஓட்டத்தின் இறக்கப் பாதைக்குத் தயாராகி வருகிறேன். தகுதி நேரம் கிடைத்துவிட்டது. இறக்கத்தில் தொடைத் தசைகள் பழக வேண்டும் என்பதற்காகக் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் விடியற்காலையில் ஓடுகிறேன். உடல் பயிற்சியைப் பற்றி எனக்கு ஓரளவு தெளிவு இருக்கிறது.

என் ஐயம் மனத்தைப் பற்றியது. ஏறக்குறைய 90 கிலோமீட்டரை 12 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். அறுபது கிலோமீட்டருக்குப் பிறகு கால் ஓடாது, மனம்தான் ஓடும் என்று மூத்த ஓட்டக்காரர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் மனம் என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டால் எவரும் விளக்கமாகச் சொல்வதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்குவதுதான் மன உறுதியா? அதைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா?

இன்னொன்றும் உண்டு. இத்தகைய ஓட்டம் ஒரு மனிதனையே மாற்றிவிடும் என்கிறார்கள். "அப்படி என்ன மாறிவிடப் போகிறீர்கள்?" என்று என் மனைவி நேராகவே கேட்டபோது, நேர்மையான பதில் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 – டர்பன்வாசி

வணக்கம், நண்பரே. வேலை நிமித்தமாகப் பல ஆண்டுகளாக டர்பனில் வசிப்பவன் என்ற முறையிலும், அந்தச் சாலையில் ஓடியும் தண்ணீர்ப் பந்தலில் நின்றும் பார்த்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன்.

இந்த ஓட்டம் பிறந்த கதையிலேயே உங்கள் கேள்விக்கு ஒரு பகுதி விடை இருக்கிறது. முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்கப் போர்முனையில் நெடுந்தூரம் நடந்தே துன்பப்பட்ட விக் கிளாப்பம், உயிரிழந்த தம் தோழர்களின் நினைவாக 1921-இல் இதைத் தொடங்கினார். முதல் ஆண்டில் 34 பேர் ஓடத் தொடங்கி 16 பேர் முடித்தார்கள். கூடவே இருந்தவர்களுக்காகத் தாங்கிக்கொள்வது என்ற உணர்வுதான் இதன் அடிப்படை. தன் வீரத்தை ஊருக்குக் காட்டும் எண்ணத்தோடு வருபவர்களை இந்தச் சாலை விரைவிலேயே களைப்பாக்கிவிடும்.

மன உறுதி அறுபதாவது கிலோமீட்டரில் தொடங்குகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். என் கருத்தில் அது முதல் பத்துக் கிலோமீட்டரிலேயே சோதிக்கப்படுகிறது. விடியாத இருட்டில், குளிரில், ஆயிரக்கணக்கானவர்கள் உங்களை முந்திக்கொண்டு போவார்கள். உங்கள் கால்களோ பல வாரம் ஓய்வெடுத்துப் புத்துணர்ச்சியோடு துடித்துக்கொண்டிருக்கும். அப்போது வேகத்தைக் கூட்டாமல் இருப்பதற்குத்தான் பெரிய கட்டுப்பாடு தேவை. இந்த ஓட்டத்தை 9 முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ், முதல் பாதியில் முன்னணியிலிருப்பவர்களைப் போகவிட்டுவிட்டு, இரண்டாம் பாதியில் ஒவ்வொருவராகப் பிடிப்பதையே தம் வழக்கமாக வைத்திருந்தார். அத்தனை வலிமையுள்ளவருக்கே அந்தப் பொறுமை தேவைப்பட்டது என்றால் நமக்கு எவ்வளவு தேவைப்படும் என்று எண்ணிப் பாருங்கள்.

இறக்கப் பாதையில் உண்மையான சோதனை ஃபீல்ட்ஸ் ஹில். பாதித் தூரமான டிரம்மண்டைக் கடந்து, போதாஸ் ஹில் ஏறி இறங்கி, தொடை முழுவதும் நொந்துபோன நிலையில் பைன்டவுனை நோக்கிச் சுமார் 3 கிலோமீட்டர் செங்குத்தாக இறங்க வேண்டும். ஒவ்வோர் அடியும் முழங்காலுக்கு மேல் குத்தும். ஏற்றத்தில் நடக்கலாம் என்று மனம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கும். இறக்கத்தில் நடக்க நேர்ந்தால்தான் அது உடைந்துபோகிறது, ஏனென்றால் இங்கே நேரத்தை மீட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருப்போம். அங்கே நின்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடுவது, அதற்கடுத்த கம்பம் வரை நடப்பது என்று தூரத்தைச் சிறு துண்டுகளாக்கிக்கொண்டவர்கள், அதே வலியோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கிச் செல்வதையும் பார்த்திருக்கிறேன்.

தனியாக ஓடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட நேரத்தில் முடிக்க எண்ணுபவர்கள் கூட்டமாக ஓடுவதை இங்கே 'பஸ்' என்பார்கள். அதை நடத்துபவர் டிரைவர். எப்போது நடக்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று அவர் உரக்கச் சொல்லுவார், கூட்டம் அப்படியே கேட்கும். தம்மால் எட்டக்கூடிய நல்ல நேரத்தை விட்டுக்கொடுத்து, முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானவர்களை 12 மணி நேரத்துக்குள் கொண்டுசேர்க்கும் அந்த டிரைவர்கள் மீது எனக்குள்ள மதிப்பு, வெற்றியாளர்கள் மீதுள்ள மதிப்பைவிட அதிகம்.

பதில் 2 – விளையாட்டு இயன்முறை மருத்துவர்

மேலே நண்பர் எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். உடலியல் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

தாமே காம்ரேட்ஸ் ஓடியவரான கேப் டவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டிம் நோக்ஸ், களைப்பு என்பது தசைகள் முற்றிலும் தீர்ந்துபோன நிலையன்று, உடலைக் காப்பாற்றுவதற்காக மூளை முன்கூட்டியே எழுப்பும் உணர்வு என்று வாதிட்டார். ஓடவே முடியாது என்று தள்ளாடிய ஒருவர் எல்லைக்கோட்டைக் கண்டதும் வேகமெடுப்பது எப்படி என்று எண்ணிப் பார்த்தால் அவர் சொல்வது விளங்கும். இந்தக் கருத்தை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. ஆனாலும், எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நாம் உணர்வதே நாம் நிற்கும் தருணத்தைப் பெருமளவு முடிவு செய்கிறது என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. சாமுவேலே மார்கோராவும் சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை மணி நேரம் மூளைக்குக் கடினமான வேலை செய்தவர்கள், அதன்பின் சைக்கிள் மிதிக்கும் சோதனையில் வழக்கத்தைவிட விரைவில் நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய இதயத்திலோ தசையிலோ அதற்கான காரணம் தென்படவில்லை. 2014-இல் அவரும் பங்கேற்ற மற்றோர் ஆய்வில், தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஊக்கச் சொற்களை இரண்டு வாரம் பழகியவர்கள் ஏறக்குறைய 18 விழுக்காடு கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். ஆகவே, பயிற்சியால் வளர்க்க முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு, முடியும் என்றே சொல்வேன். ஓட்டத்துக்கு முந்தைய நாள்களில் பயண அலைச்சலையும் அலுவலகச் சிக்கல்களையும் குறைத்துக்கொள்வதும் மனப் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

பல்லைக் கடித்துத் தாங்குவது என்ற வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வலியை எதிரியாகக் கருதுபவர் அதையே நாள் முழுவதும் கவனித்துக்கொண்டிருப்பார். வலி வரும் என்று முன்பே ஏற்றுக்கொண்டு, வந்தவுடன் "எதிர்பார்த்ததுதான், அடுத்து என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்பவருடைய கவனம் வேலையின் பக்கம் திரும்பிவிடுகிறது. எப்போது கடைசியாகச் சாப்பிட்டேன்? தோள் இறுகியிருக்கிறதா? ஷூவுக்குள் மணல் இருக்கிறதா? மனம் இருண்டுபோன பல நேரங்களில் உண்மைக் காரணம் பசியாகவே இருக்கும். ஓட்டத்தின்போது உண்ணும் சர்க்கரைக் கூழான ஜெல்லோ வேகவைத்த உருளைக்கிழங்கோ உள்ளே போன கால்மணி நேரத்தில், "இனி முடியாது" என்ற எண்ணம் தானாகவே நீங்குவதை என்னிடம் வரும் ஓட்டக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்.

மன உறுதியின் பெயரால் உடல் தரும் எச்சரிக்கைகளைப் புறக்கணித்துவிடாதீர்கள். தொடை முழுவதும் பரவலாக வலிப்பது இயல்பு. எலும்பின் ஓரிடத்தில் ஊசி குத்துவதுபோல் வலித்து, காலூன்றும்போதெல்லாம் கூடிக்கொண்டே போனால் நிறுத்த வேண்டும். ஓட்டத்தின்போது வலி மாத்திரைகளை விழுங்குவது சிறுநீரகத்துக்குக் கேடு. தாகம் இல்லாமல் ஒவ்வொரு பந்தலிலும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போவதும் ஆபத்துதான். இரத்தத்தில் சோடியம் குறைந்து, குழப்பமும் வலிப்பும் ஏற்பட்டு உயிருக்கே தீங்காகலாம்.

கோவை ஓட்டக்காரர்

இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு தெளிவாக இதற்குமுன் எவரும் எனக்கு விளக்கியதில்லை. என் மனைவியின் கேள்விக்கும் யாராவது பதில் சொல்ல முடியுமா?

பதில் 3 – சென்னை ஓட்டத் தோழி

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன். உங்கள் துணைவியார் கேட்டது மிகவும் சரியான கேள்வி.

நெடுந்தூரம் ஓடினால் மனிதர் தாமாகவே மேம்பட்டுவிடுவார் என்பதை நான் நம்பவில்லை. பதக்கங்களைச் சுவர் நிறைய மாட்டிவிட்டு, வீட்டில் ஒரு குவளையைக்கூடக் கழுவாதவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் ஐந்து மணி நேரம் ஓடிவிட்டு வந்து மதியம் தூங்கும்போது, குழந்தைகளையும் வயதான பெற்றோரையும் கவனித்துக்கொள்பவர் வேறொருவர். அந்த உழைப்பும் சேர்ந்துதான் நம்மை எல்லைக்கோட்டுக்குக் கொண்டுசெல்கிறது என்பதை உணர்ந்து, மற்ற நாள்களில் அந்தச் சுமையை நாம் எடுத்துக்கொள்ளாவிட்டால், சாலையில் நிகழ்ந்ததாகச் சொல்லும் வளர்ச்சிக்கு வீட்டில் பொருளே இல்லை.

ஆனால், மாற்றம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். என்னிடம் நிகழ்ந்தது மிகவும் குறிப்பான ஒன்று. மோசமான ஒரு மணி நேரத்தை வைத்து முழு நாளையும் மதிப்பிடும் பழக்கம் எனக்கு இருந்தது. நீண்ட ஓட்டங்களில் மிகத் தாழ்ந்த நிலைக்குப் போய், ஏதாவது சாப்பிட்டு, சற்று நடந்து, மறுபடியும் நன்றாக ஓடுவது பலமுறை நிகழ்ந்த பிறகு, அலுவலகத்திலும் வீட்டிலும் ஒரு பின்னடைவு வந்தால் உடனே முடிவெடுக்காமல் காத்திருக்கக் கற்றுக்கொண்டேன். உதவி கேட்கவும் கற்றுக்கொண்டேன்; முன்பின் அறியாத ஒரு பெண்மணி என் கெண்டைக்கால் பிடிப்பை நீவிவிட்டபோது, மறுத்துப் பேசும் வலிமைகூட எனக்கு இருக்கவில்லை.

காம்ரேட்ஸ் ஓட்டத்தின் வரலாற்றில் நான் மிகவும் மதிப்பவர் ராபர்ட் எம்ட்சாலி. கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லாத 1935-இல் அவர் அதிகாரபூர்வப் பதிவு இல்லாமலேயே ஓடி முடித்தார். கறுப்பினத்தவரும் பெண்களும் 1975-இல்தான் முறையாக அனுமதிக்கப்பட்டார்கள். அவர் பெயரில் ஒரு பதக்கம் 2019-இல்தான் வந்தது. பாராட்டும் பதக்கமும் கிடைக்காது என்று தெரிந்தே நாள் முழுவதும் ஓடுவதற்கு எத்தகைய மனம் வேண்டும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

12 மணி நேரம் நிறைவடையும்போது, அலுவலர் ஒருவர் ஓடி வருபவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடி துப்பாக்கியால் சுடுவார். அதன்பின் ஒரு நொடி தாமதமாக வந்தாலும் பதக்கம் இல்லை. அந்த நிலை உங்களுக்கும் வரலாம் என்பதைக் குடும்பத்தாரிடம் இப்போதே பேசிவையுங்கள். இந்த ஓட்டத்தின் முன்னாள் வெற்றியாளரான வாலி ஹேவர்ட் 1989-இல் தம் 80-ஆம் வயதில், அப்போதைய எல்லையான 11 மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லாத நிலையில் முடித்தார். அவர் முடிக்காமல் போயிருந்தாலும் அவர் மீதுள்ள என் மதிப்பு குறைந்திருக்காது.

கோவை ஓட்டக்காரர்

உங்கள் பதிலை மனைவியிடம் படித்துக் காட்டினேன், சகோதரி. ஞாயிற்றுக்கிழமை மதியங்களைப் பற்றி நாங்கள் இருவரும் பேச வேண்டியிருக்கிறது. டர்பன்வாசி அவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி: முதல் பாதியில் என்னை எப்படிக் கட்டுப்படுத்திக்கொள்வது?

டர்பன்வாசி

90 கிலோமீட்டரை 11 மணி நேரத்தில் முடிக்க, நடையும் பந்தல்களில் நிற்பதும் உட்படக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 20 நொடி ஆகலாம். 12 மணி நேரத்துக்கு 8 நிமிடம். இந்த வேகத்தைக் கோத்தகிரிச் சாலையில் இப்போதே பழகுங்கள், மெதுவாக ஓடுவதும் பழக்கத்தால்தான் வரும். ஓட்ட நாளன்று 11 மணி நேர பஸ்ஸின் பின்வரிசையில் சேர்ந்துகொண்டு, டிரைவர் நடக்கச் சொன்னால் கால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நடங்கள். போதாஸ் ஹில் இறங்கிய பிறகும் தெம்பு மிச்சமிருந்தால், அங்கிருந்து நீங்கள் தனியாகப் போகலாம்.