இரண்டாவது மானிட்டர் மாட்டியதில் இருந்து டிசைன் சாஃப்ட்வேர் தானாக மூடிக்கொள்கிறது

நொய்யல்:
வணக்கம்ங்க. திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டுக்கு டிசைன் போடுகிறேன். போன வாரம் பழைய 19 இன்ச் மானிட்டர் ஒன்றை இரண்டாவதாக மாட்டினோம், ஒன்றில் டிசைன், இன்னொன்றில் பார்ட்டி அனுப்பிய மெயில் என்று வைத்துக்கொள்ளலாமே என்று. அன்றிலிருந்து இந்தத் தொல்லை. 64 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வரும் டிசைன் (ரிப்பீட்) ஃபைலைத் திறந்து விண்டோவை அந்தப் பக்கம் இழுத்தால் வெள்ளையாகி அப்படியே மூடிக்கொள்கிறது. இரண்டு தடவை மறுபடி இன்ஸ்டால் செய்தாயிற்று. நேற்று சேமிக்காத ஆறு கலர் டிசைன் ஒன்று போய்விட்டது, இரவு 11 மணி வரை உட்கார்ந்து திரும்பப் போட்டேன். திங்கட்கிழமை துணியில் அச்சடிக்கும் ஸ்கிரீன் செய்யக் கொடுக்க வேண்டும். ராம் (மெமரி) போதவில்லையா?

காங்கேயத்தான்:
தம்பி, அவசரப்பட்டு ராம் வாங்கிவிடாதீர்கள். மானிட்டர் மாட்டிய பிறகுதான் ஆரம்பித்தது என்றால் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். அதன் கேபிளைக் கழற்றிவிட்டு அரை நாள் ஓட்டுங்கள். அப்புறம் விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் என்று போனால் மூடிக்கொண்ட நேரத்துக்கு நேராக 1000 என்ற ஐடியோடு ஒரு எரர் இருக்கும், அதில் எந்த ஃபைலில் தவறு வந்தது என்று சொல்லும் 'ஃபால்ட்டிங் மாட்யூல்' வரியில் சாஃப்ட்வேரின் சொந்த ஃபைல் வருகிறதா, கிராஃபிக்ஸை இயக்கும் டிஸ்ப்ளே டிரைவர் வருகிறதா என்று பாருங்கள். சிபியூவின் பின்பக்கம் டார்ச் அடித்து இரண்டு கேபிளும் எங்கே செருகியிருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

நொய்யல்:
கழற்றிய பிறகு மதியம் வரை ஒரு தடவைகூட மூடவில்லை அண்ணா. மாட்டினேன், பத்து நிமிடத்தில் போய்விட்டது. டிரைவர் பெயர்தான் வருகிறது. பெரிய மானிட்டரின் எச்டிஎம்ஐ கீழே கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறது. பழையதன் நீல விஜிஏ மேலே யூஎஸ்பி பக்கத்தில். கார்டில் விஜிஏவே இல்லை, அதனால் மாட்ட வந்தவர் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் செட்டிங்ஸில்) ஏதோ மாற்றி அங்கே செருகினார்.

காங்கேயத்தான்:
அதேதான் தம்பி. மேலே இருப்பது மதர்போர்டின் சொந்த டிஸ்ப்ளே. இப்போது ஒரே மெஷினில் இரண்டு கிராஃபிக்ஸ் ஓடுகிறது. ஓப்பன்ஜிஎல் என்ற கிராஃபிக்ஸ் முறையில் வரையும் பழைய சாஃப்ட்வேர் ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும், விண்டோ இன்னொரு கார்டின் திரைக்குப் போனால் சிலது தடுமாறி விழுந்துவிடும். கார்டில் இன்னொரு எச்டிஎம்ஐயோ டிஸ்ப்ளே போர்ட்டோ காலியாக இருந்தால், விஜிஏவாக மாற்றும் கன்வெர்ட்டர் வாங்கி அதிலேயே மாட்டுங்கள். உள்ளே சிப் உள்ளதாகக் கேளுங்கள், டிஜிட்டலை அனலாக் ஆக்க வெறும் ஒயர் போதாது. பயாஸில் மாற்றியதையும் பழையபடி வைத்துவிடுங்கள்.

அமராவதிக்கரை:
கரூரில் பெட்ஷீட் டிசைன் போடுகிறோம். எங்களுக்குக் கேபிள் சரியாக இருந்தும் மூடியது. 4கே மானிட்டரில் ஸ்கேலிங் (எழுத்து, ஐகானைப் பெரிதாக்கிக் காட்டும் அளவு) 150 சதவீதம், பழையதில் 100. இரண்டையும் 100 ஆக்கியதும் நின்றது, ஆனால் எழுத்து எறும்பு மாதிரி தெரிந்தது. பிறகு ஐகானில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ஹை டிபிஐ செட்டிங்ஸ் போய் ஓவர்ரைடு டிக் செய்து 'சிஸ்டம்' வைத்தோம். கொஞ்சம் மங்கலாகத் தெரியும், வேலை நிற்காது.

நொய்யல்:
கார்டில் டிஸ்ப்ளே போர்ட் காலியாக இருந்தது அண்ணா, கன்வெர்ட்டர் போட்டு இன்றோடு மூன்று நாள். விண்டோவை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் இழுத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. திங்கள் காலையிலேயே ஆறு கலரும் ஸ்கிரீனுக்குக் கொடுத்தாயிற்று. ரொம்ப நன்றிங்க.