ஆச்சி பெட்டியில் 1783ஆம் வருஷத்து வெள்ளிக்காசு: இது எந்த ஊர்க் காசு?

பாளை சங்கரி

எல்லாருக்கும் வணக்கம். ஆச்சி தவறிப் பதினாறு முடிந்தபிறகு அவர்களுடைய மரப்பெட்டியைத் திறந்தோம். இரண்டு சுங்குடிச் சேலை, பாக்குவெட்டி, பழைய குத்தகைச் சீட்டுகள், அப்புறம் ஒரு சுருக்குப்பையில் பெரிய வெள்ளிக்காசு. பத்து ரூபாய்க் காசைவிட நல்ல பெரிசு. தலைப்பக்கம் வளையம் பற்றவைத்திருக்கிறது, யாரோ கழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஒரு பக்கம் மூக்கு நீண்ட ஒரு ராஜா, கரோலஸ் என்ற பெயர், 1783. மறுபக்கம் கிரீடம், கேடயம், இரண்டு தூண். சுற்றிலும் 'ஹிஸ்பான் எட் இண்ட் ரெக்ஸ்' என்று இங்கிலீஷ் எழுத்து. அதற்குப் பக்கத்தில் பி, டி, எஸ் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று எழுதினாற்போல் ஒரு குறி.

ஆச்சிக்குப் பிறந்த ஊர் ஆத்தூர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். கப்பல், கடல் என்று யாரும் போனதாகப் பேச்சே இல்லை. இது எப்படி வந்திருக்கும்?

வள்ளியூரான்

இண்ட் என்றால் இந்தியாதான் அக்கா. கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த காசு. நல்ல விலை போகும், விட்டுவிடாதீர்கள்.

தாழையூத்துக்காரன்

தம்பி, அவசரப்படாதே. அந்த 'இண்ட்' நம்மூர் இல்லை. கொலம்பஸ் அமெரிக்காவில் போய் இறங்கிவிட்டு இதுதான் இந்தியா என்று சொன்னானே, அந்த இண்டீஸ். ஸ்பெயினுக்கும் அந்த நாடுகளுக்கும் ராஜா என்று போட்டிருக்கிறது. பின்னிய எழுத்துதான் முக்கியம். அது போத்தோசி அக்கசாலையின் (காசு அடிக்கிற இடம்) குறி. இன்றைக்குப் பொலிவியா நாட்டில் இருக்கிற ஊர். சங்கரி தாயி, அந்த ஊருக்கு நான் போயிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பழகினவன் நான். பிறகு வடக்கு சிலியில் காலாமா பக்கம் துளை போடும் ஒப்பந்த வேலையில் சில வருஷம் இருந்தேன். 2014 ஆகஸ்டில் லீவு கிடைத்தபோது நாங்கள் மூன்று பேர் உயுனி வழியாகப் பஸ் ஏறிப் போத்தோசிக்குப் போனோம்.

ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,090 மீட்டர். நம்ம பொதிகை உச்சியே 1,868 மீட்டர்தான். பொதிகைமேல் இன்னொரு பொதிகையை வைத்து, அதற்கும் மேலே பாளையங்கோட்டை மாதிரி ஒரு ஊர் இருந்தால் எப்படி இருக்கும்? மாடிப்படி பத்து ஏறினால் நெஞ்சு அடைக்கும். முதல் ராத்திரி தலைவலியில் தூக்கமே இல்லை. தண்ணீர் 86, 87 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சட்டியில் போட்ட பருப்பு வேகவே வேகாது. கூட வந்த தென்காசிப் பையன் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது சிரித்தோம். அங்கே போனபிறகு அவன்தான் எங்களுக்குத் தெய்வம்.

ஊருக்குப் பின்னால் செம்மண் நிறத்தில், நெல் குவித்து வைத்தது மாதிரி ஒற்றை மலை. செர்ரோ ரீக்கோ, பணக்கார மலை என்று பெயர். 1545இல் வெள்ளி கண்டுபிடித்தார்கள். அடுத்த அறுபது, எழுபது வருஷத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் குடியேறிவிட்டார்கள். தாது இடிக்கிற ஆலைகளைத் தண்ணீரால் ஓட்ட மலைமேல் குளங்கள் வெட்டினார்கள். 1626இல் அதில் ஒரு குளம் உடைத்துக்கொண்டு பாதி ஊரை அடித்துப் போனது. குளம் உடைகிறது என்றால் என்ன என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆள்? 1573 முதல் 'மீத்தா' என்று ஒரு கட்டாய முறை. சுற்றியிருந்த மலை மாகாணங்களிலிருந்து ஏழு ஆணுக்கு ஒருவர் வீதம், வருஷத்துக்குச் சுமார் 13,000 பேர் வந்து உழைக்க வேண்டும். வாரக்கணக்கில் நடந்து, பெண்டு பிள்ளையோடு வந்தார்கள். கீழே போய் வெட்டி, தோல் ஏணியில் சுமந்து மேலே ஏற வேண்டும். பிறகு அரைத்த தாதில் பாதரசம் கலந்து வெள்ளியைப் பிரிப்பார்கள். அந்த விஷமும் அவர்கள் உடம்பில்தான் ஏறியது.

இப்போது சுரங்கத்துக்குள் போன கதை. போகிறவர்கள் சுரங்கத்தாருக்கு ஏதாவது வாங்கிப் போவது அங்கே மரியாதை. சுரங்கத்தார் கடைத்தெருவில் ஒரு அம்மா சோடா பாட்டில், பிஸ்கட், சிகரெட், கோக்கா இலை எல்லாம் பரப்பி வைத்திருந்தார். பக்கத்திலேயே டைனமைட் தோட்டா, திரி! நம்ம குவாரியில் ஒரு தோட்டா எடுக்க எத்தனை கையெழுத்து, எத்தனை பூட்டு. அந்த அம்மா கீரைக்கட்டு மாதிரி எடுத்து நீட்டினார். எனக்குக் கை வரவில்லை. கோக்காவும் சோடாவும் மட்டும் வாங்கினேன்.

கோக்காவை அவர்கள் கன்னத்தில் அதக்கிக்கொள்கிறார்கள். கூடவே சாம்பலில் செய்த கட்டி ஒன்றைத் துளி கடித்துக்கொள்கிறார்கள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு மாதிரி. வாய் மரத்துப்போகும், பசி தெரியாது. உள்ளே வெளிச்சமும் இல்லை, கடிகாரமும் இல்லை. இலையின் ருசி போய்விட்டால் இத்தனை மணி நேரம் ஆகிவிட்டது என்று கணக்கு. (அங்கே அது சட்டப்படி சரி. இங்கே கொண்டு வந்துவிடாதீர்கள்.)

கிடைமட்டமாகக் கொஞ்ச தூரம் குனிந்து போனதும் ஒரு பொந்து. அதற்குள் மண்ணில் செய்த உருவம். கொம்பு, முறைத்த கண், வாயில் எரிகிற சிகரெட், மடியில் கோக்கா, காலடியில் சாராயப் பாட்டில். 'தீயோ' என்று பெயர், மாமா என்று அர்த்தம். மேலே மாதா கோவில், கீழே இவர். செவ்வாயும் வெள்ளியும் படையல், விசேஷத்துக்கு லாமா வெட்டி வாசலில் ரத்தம் பூசுகிறார்கள். நான் பார்த்ததும் என்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். சுருட்டும் சாராயமும் கிடாயும் கேட்கிற சுடலைமாடனை எனக்குத் தெரியாதா? கூட்டிப் போன வழிகாட்டி, முன்னாள் சுரங்கத்தார், "உங்கள் ஊரிலும் சுரங்கம் இருக்கிறதா?" என்று கேட்டான். சுடுகாடு இருக்கிறது என்றேன்.

வேலை இன்றும் நடக்கிறது. 1985இல் தகரம் விலை விழுந்தபோது அரசுக் கம்பெனி இருபதாயிரம் பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பியது. அதற்குப் பிறகு கூட்டுறவுக் குழுக்கள்தான். துத்தநாகம், தகரம், ஈயம், கொஞ்சம் வெள்ளி. கிடைத்தால் கூலி, இல்லாவிட்டால் இல்லை. நான் பார்த்த இடத்தில் தண்ணீர் விடாமல் காய்ந்த கல்லில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் புகை மாதிரி தூசி. அது சிலிக்கா, நுரையீரலைக் கெடுக்கிற கல்தூசி. தாழையூத்தில் எங்கள் மேஸ்திரி பார்த்தால் செருப்பைக் கழற்றியிருப்பார். நாற்பது வயது ஆளுக்கு அறுபது வயது இருமல்.

ஐந்நூறு வருஷம் குடைந்ததில் மலையுச்சி உள்வாங்குகிறது. யுனெஸ்கோ 1987இல் பாரம்பரியச் சின்னமாக்கியது. நான் அங்கே போயிருந்த அதே 2014இல்தான் ஆபத்துப் பட்டியலிலும் சேர்த்தது. பொலிவியாவின் அரசுச் சின்னத்தில் இந்த மலைதான் இருக்கிறது.

தாயி, உன் காசு 1783. 1773இல் கட்டி முடித்த அக்கசாலை இப்போது மியூசியம். கீழ்த்தளத்தில் கோவேறு கழுதைகள் சுற்றச் சுற்ற, மேல்தளத்தில் மர உருளைகள் வெள்ளியைத் தகடாக்கும். அந்த உருளைகளை நான் தொட்டுப் பார்த்தேன். உன் காசு அங்கேதான் பிறந்திருக்கிறது.

டவுன் பத்தர்

அண்ணாச்சி சொன்னது சரி. அசல் என்றால் 27 கிராம் சுமாருக்கு இருக்கும், தேய்மானம் போக. காந்தத்தில் ஒட்டக்கூடாது. விளிம்பைப் பாருங்கள், வட்டமும் கட்டமும் மாறி மாறி வர வேண்டும். போலி நிறைய உலவுகிறது.

வந்த வழியும் ஒன்றும் அதிசயம் இல்லை. தூத்துக்குடியில் 1658இலேயே டச்சுக்காரர்கள் வந்துவிட்டார்கள். இங்கே துணி வாங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த சரக்கு இங்கே அவ்வளவாக விலை போகாது, வெள்ளிதான் போகும். சென்னையில் கம்பெனிக்காரன் 1807 வாக்கில் இந்த ஸ்பானியக் காசின் மேலேயே கோபுரம் போட்டு அரை வராகன் என்ற காசு அடித்தான். உங்கள் காசு அதில் தப்பியது.

விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். புளியும் வேண்டாம்.

பாளை சங்கரி

நிறுத்துப் பார்த்தேன், வளையத்தோடு 27.3. காந்தம் ஒட்டவில்லை. விளிம்பில் வட்டமும் கட்டமும் இருக்கிறது. விற்கப்போவதில்லை.

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். 1783இலும் அந்தக் கட்டாய வேலை இருந்ததா?

தாழையூத்துக்காரன்

இருந்தது தாயி. 1812இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். நடைமுறையில் 1825இல் நாடு விடுதலை ஆனபோதுதான் முழுசாகப் போனது.

பாளை சங்கரி

சரி அண்ணாச்சி. பத்தர் அண்ணாச்சிக்கு இன்னொரு கேள்வி. இரண்டு தூணுக்கும் நடுவில் வெள்ளையாக ஏதோ இறுகிப் போயிருக்கிறது. நகத்தால் சுரண்டினேன், சுண்ணாம்பு. ஆச்சி வெற்றிலை டப்பாவும் அதே சுருக்குப்பையில்தான் கிடந்தது. அதை எடுக்கலாமா?

டவுன் பத்தர்

இருந்துவிட்டுப் போகட்டும்.