குறுக்கே பாத்தி போட்டால் கேரட் அழுகுகிறது, சரிவு வாக்கில் போட்டால் மண்ணே போகிறது

கேத்திக்காரி:
நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். அப்பா ஒரு போகம் உருளைக்கிழங்கு எடுத்துவிட்டு நிலத்தைச் சும்மா போட்டுவிடுவார். புல் முளைக்கும், மாடு மேயும். நான் வருஷத்துக்கு மூன்று போகம் எடுக்கிறேன், கேரட்டும் பீட்ரூட்டுமாக. கடன் அப்படி. கேரட்டைப் பிடுங்கினாலே மண் பொலபொலவென்று ஆகிவிடும். அடுத்த மழைக்கு அது போதும்.

பாத்தியெல்லாம் மேலிருந்து கீழாகத்தான். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்று இங்கே பலரும் அப்படித்தான் போடுகிறோம். போன ஐப்பசியில் ஒரே ராத்திரி மழை. விடிந்து பார்த்தால் கீழ்மூலையில் முழங்கால் அளவு சேறு, மேல்பாதியில் கல் தெரிகிறது. இருபது நாள் பயிர் ஓடையில். சேற்றைக் கூடை கூடையாகச் சுமந்து மேலே கொட்ட ஆறு நாள் கூலி ஆனது. அந்தக் கறுப்பு மண் அப்பா சாணம் போட்டுச் சேர்த்தது. வயிறு எரிகிறது.

எங்களுக்கு மேலே தேயிலை இருந்த இடத்தில் இப்போது கட்டடமும் சிமென்ட் பாதையும். என்ன செய்யலாம்?

மலைத்தோட்டம், கோத்தகிரி:
பாத்தியை அப்புறம் பார்க்கலாம் அக்கா. முதலில் மேலிருந்து வரும் தண்ணீரைத் தடுங்கள். செடியும் புல்லும் இருந்த சரிவு மழையில் ஒரு பங்கைக் குடிக்கும். சிமென்ட் அப்படியே இறக்கிவிடும். நிலத்தின் மேல் எல்லையில் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி, லேசான வாட்டத்தில் ஓடைப் பக்கம் திருப்புங்கள். அது ஓடையில் விழும் இடத்தில் கல் பதிக்காவிட்டால் அங்கேயே பள்ளம் பறித்துவிடும்.

நிலத்தைப் படியாக வெட்டினால் ஒவ்வொரு படியும் மலைப் பக்கம் சற்றே சாய்ந்திருக்கட்டும். உள்விளிம்பில் சிறு வாய்க்கால் விட்டால் தண்ணீர் தேங்காது, கேரட்டும் அழுகாது. ஊட்டியில் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வாட்டம் எவ்வளவு என்று நிலத்தைக் காட்டிக் கேளுங்கள்.

பூம்பாறை பூண்டு:
கொடைக்கானல் பக்கம் நாங்களும் படி வயல்தான். ஒன்றே ஒன்று சொல்கிறேன்: படிச்சுவரில் இருக்கும் புல்லைச் சுத்தம் என்று செதுக்காதீர்கள். அந்த வேர்தான் சுவர். நான் இரண்டு வருஷம் செதுக்கினேன், மூன்றாம் வருஷம் இரண்டு படி சரிந்தது.

ஊட்டி மழைமானி:
2009 நவம்பர் 10 அன்று உங்கள் கேத்தியில் ஒரே நாளில் பதிவானது 820 மி.மீ. அந்த மழையில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்சரிவில் இறந்தார்கள். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அதனால் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வெறும் மண்ணாக மட்டும் விடாதீர்கள். மழைக்கு முன்பே லூபின் என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து வளரவிட்டு, பிறகு மடக்கி உழுதால் உரமும் ஆகும்.

கேத்திக்காரி:
எல்லோருக்கும் நன்றி. ஒரு போகத்தை விடுவது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. மேல்பாதியில் மட்டும் இந்த ஐப்பசிக்கு லூபின் போடுகிறேன். வாய்க்கால் அடுத்த வாரமே. கட்டடக்காரரிடமும் பேசினேன், பாதைத் தண்ணீருக்குக் குழாய் போடப் பாதிச் செலவு தருவதாகச் சொல்லியிருக்கிறார். கோத்தகிரித் தம்பி, வாய்க்காலை எவ்வளவு ஆழம் வெட்டினீர்கள்?

மலைத்தோட்டம், கோத்தகிரி:
எங்களுடையது ஒன்றரை அடி அக்கா. வெட்டிய மண்ணைக் கீழ்க்கரையில் போட்டு உடனே புல் நடுங்கள்.