புதுப்பிப்பு: பேபிளேடு எக்ஸ், பட்டை லாஞ்சரா கயிறு லாஞ்சரா?

போன மாதம் கேட்டிருந்தேன்: பையனுக்குப் பத்து வயது, பேபிளேடு எக்ஸ் (மோதவிட்டு ஆடும் பொம்மைப் பம்பரம்) பெட்டியோடு வந்த பல் பட்டை லாஞ்சரை (பட்டையை இழுத்துப் பம்பரத்தைச் சுழற்றி விடும் கருவி) வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறான், கயிறு லாஞ்சர் வாங்கலாமா என்று. வாங்கிவிட்டேன்.

முதல் நாளே தெரிந்தது, பாதிக் குற்றம் லாஞ்சர் மேல் இல்லை. குன்னூர் குளிரில் விரல் விறைத்துப் போய், பட்டையைப் பாதியில் நிறுத்தி நிறுத்தி இழுத்திருக்கிறான். கயிற்றில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் இழுத்த கைப்பிடியைப் பட்டென்று விடக்கூடாது. கயிறு சுருண்டு உள்ளே அடிக்கிறது. பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிய எனக்கே இது பழக ரெண்டு நாள் ஆனது!

இன்னொன்று, தாக்கும் வகைப் பிளேடை முழு பலத்தில் விட்டால் அதுவே எக்ஸ்ட்ரீம் லைனில் (ஆடுகள ஓரத்தில் இருக்கும் பல் தடம்) ஏறி வெளியே பறந்துவிடுகிறது. எதிராளிக்குச் சும்மா புள்ளி. அதை மிதமாகத்தான் விடச் சொல்லியிருக்கிறேன். நின்று சுற்றும் வகைக்கு மட்டும் முழு இழுப்பு, லாஞ்சர் சாயாமல்.

இடப்பக்கமாகச் சுற்றும் பிளேடுக்குத் தனி லாஞ்சர் வேண்டுமாம். அப்புறம் பார்க்கலாம், பர்ஸ் தாங்காது.