எஸ்ஓநேமை ஏற்றுவதா, சிம்பலுக்குப் பதிப்பு ஒட்டுவதா?

நிரல்வாசி:
படச் சுருக்கத்துக்கான எங்கள் சி லைப்ரரியைப் பல நிரல்கள் டைனமிக்காக, அதாவது ஓடும்போது, இணைத்துப் பயன்படுத்துகின்றன. கோப்பைத் திறக்கும் ஃபங்ஷனுக்கு இப்போது மூன்றாவதாக ஒரு ஆர்கியுமென்ட் தேவைப்படுகிறது. எஸ்ஓநேமில், அதாவது நிரல்கள் லைப்ரரிக் கோப்பைத் தேடும் பெயரில், இருக்கும் 1ஐ 2 ஆக்கிவிடலாம் என்கிறேன். பழையதும் புதியதும் ஒரே கோப்பில் இருக்கட்டும், சிம்பலுக்கு (லைப்ரரி வெளியே தரும் ஃபங்ஷன் பெயருக்கு) பதிப்பு கொடுப்போம் என்கிறார் கூட வேலை செய்பவர். எது நல்லது?

லிங்கர்பித்தன்:
அவர் சொல்வதுதான். லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியைப் பாருங்கள். 1997ல் அதன் எஸ்ஓநேம் லிப்சி.எஸ்ஓ.6 என்று வந்தது, இன்றைக்கும் அதே 6. நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷனின் கதை தெரியுமல்லவா? வேகத்துக்காக அதன் நகலெடுக்கும் திசையை மாற்றினார்கள். ஒன்றன்மேல் ஒன்று விழும் நினைவகப் பகுதிகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. அதை மீறியிருந்த ஃப்ளாஷ் பிளகினில் ஒலி கரகரத்தது. 2011ல் 2.14 பதிப்பில் மெம்காப்பிக்குப் புதுப் பதிப்பு கொடுத்தார்கள். 2.2.5 என்ற பதிப்புக் குறியுடன் இணைந்த பழைய 64 பிட் பைனரிகளுக்கு (கம்பைல் செய்த நிரல்களுக்கு), ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் சரியாக நகலெடுக்கும் மெம்மூவ் ஃபங்ஷனின் நடத்தை கிடைத்தது. யாரும் எதையும் திரும்பக் கம்பைல் செய்யவில்லை.

சுத்தசோம்பேறி:
எதற்கெடுத்தாலும் ஜிலிப்சியா! அதன் எண்ணை ஏற்றினால் கணினியில் இருக்கும் எல்லாமே ஆடிப்போகும், அதனால் அவர்களுக்கு வேறு வழியில்லை. இவருடைய லைப்ரரிக்கு அந்தக் கட்டாயம் என்ன? வைத்துக்கொண்ட ஒவ்வொரு பழைய வடிவமும் யாரும் சோதிக்காமல் கிடக்கும் கோட்.

சிம்பல் பதிப்பின் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். 2021ல் வந்த ஜிலிப்சி 2.34ல் நிரலைத் தொடங்கி வைக்கும் உள் ஃபங்ஷனுக்கே புதுக் குறி வந்தது. அது இருக்கும் கணினியில் பில்ட் செய்தால், ஒரு வரி அச்சிடும் நிரல்கூடப் பழைய கணினியில் 'ஜிலிப்சி_2.34 இல்லை' என்று நின்றுவிடும்.

லிங்கர்பித்தன்:
நிற்கத்தான் வேண்டும். பாதி வேலையில் தரவைக் கெடுத்துவிட்டு விழுவதைவிடத் தொடக்கத்திலேயே காரணம் சொல்லி மறுப்பது எவ்வளவோ மேல்.

சுத்தசோம்பேறி:
அது சரி. ஆனால் இவர் பிரச்சினைக்கு இவ்வளவு வித்தை எதற்கு? புது ஃபங்ஷனுக்குப் புதுப் பெயர் வையுங்கள், முடிந்தது. யூனிக்ஸில் டப், டப்2, டப்3 என்று வரிசையாக இல்லையா? பார்க்க அழகில்லைதான், ஆனால் எங்கேயும் ஓடும். ஜிலிப்சிக்கு மாற்றான மசல் லைப்ரரியின் லோடர் (நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளை ஏற்றி இணைப்பது) பதிப்பைப் பொருத்திப் பார்ப்பதே இல்லை, இயல்பான வடிவத்தைத்தான் எடுக்கும். அப்புறம், ஓடும்போது பெயரை வைத்து ஃபங்ஷனைத் தேடும் டிஎல்சிம். பைத்தானிலிருந்து, சி லைப்ரரிகளை அழைக்க உதவும் சிடைப்ஸ் வழியாக அழைப்பவருக்குப் பெயர் மட்டும்தான் தெரியும். இரண்டு ஆர்கியுமென்ட்டோடு கூப்பிடுவார், மூன்று கேட்கும் வடிவம் கையில் கிடைக்கும். மூன்றாவதாக அங்கே என்ன குப்பை இருக்குமோ!

லிங்கர்பித்தன்:
பதிப்பையும் சொல்லித் தேட டிஎல்விசிம் என்று ஒன்று இருக்கிறதே.

சுத்தசோம்பேறி:
இருக்கிறது. யார் பயன்படுத்துகிறார்கள்?

நள்ளிரவுபில்ட்:
நீங்கள் இரண்டு பேரும் வேறுவேறு விஷயத்தைப் பேசுகிறீர்கள். ஒரே பெயருக்குப் பல வடிவங்களை வைத்துக் காப்பாற்றுவது ஒன்று. அது பெரிய சுமை, சோம்பேறி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். எல்லா சிம்பலுக்கும் வெறுமனே 'லிப்படம்_1' மாதிரி ஒரு குறி ஒட்டுவது இன்னொன்று. அதற்கு லிங்கரிடம் (பில்ட் செய்யும்போது துண்டுகளை இணைக்கும் கருவியிடம்) கொடுக்கச் சில வரி வெர்ஷன் ஸ்கிரிப்ட் போதும்.

அந்த இரண்டாவது ஏன் வேண்டும் என்று பாருங்கள். ஒரு நிரல் 'அ', 'ஆ' என்று இரண்டு லைப்ரரிகளை இழுக்கிறது. அ உங்கள் எஸ்ஓ 1ஐக் கேட்கிறது, ஆ எஸ்ஓ 2ஐ. இரண்டும் ஒரே ப்ராசஸில் ஏறும். குறி இல்லையென்றால் லோடர் பெயரை மட்டும் பார்த்து, தேடும் வரிசையில் முதலில் அகப்பட்டதை இரண்டு பேருக்கும் கொடுத்துவிடும். எண்ணை ஒழுங்காக ஏற்றியும் நிரல் விழும். எஸ்ஓநேம் எந்தக் கோப்பை ஏற்றுவது என்று மட்டும்தான் சொல்கிறது, எந்த சிம்பல் எந்தக் கோப்பிலிருந்து என்று சொல்வதில்லை. டெபியன் லினக்ஸில் குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் 1.0, 1.1 இரண்டும் அடுத்தடுத்து வாழ முடிந்தது சிம்பல் குறி இருந்ததால்தான்.

நிரல்வாசி:
இதுவரை குறியே வைத்ததில்லை. இப்போது வைத்தால் ஏற்கெனவே இணைந்த பைனரிகள் உடையுமா?

நள்ளிரவுபில்ட்:
ஜிலிப்சியின் லோடரில் உடையாது. குறியில்லாமல் கேட்பவருக்கு அது மிகப் பழைய வடிவத்தைக் கொடுக்கும். புதிதாக இணைந்தது குறியில்லாத பழைய கோப்போடு ஓடினால் 'பதிப்புத் தகவல் இல்லை' என்று எச்சரித்துவிட்டு ஓடும்.

லிங்கர்பித்தன்:
அப்படியென்றால் மூன்று ஆர்கியுமென்ட்டுக்குப் புதுப் பெயர், எல்லாவற்றுக்கும் குறி, எண் 1ஆகவே இருக்கட்டும். இதற்கு நானும் சம்மதம். நிரல்வாசி, ஒரு கேள்வி. உங்கள் ஹெடரில் (பயன்படுத்துபவர்கள் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்பில்) ஸ்ட்ரக்ட், அதாவது பல புலங்கள் கொண்ட தரவு வகை, ஏதாவது வெளியே தெரிகிறதா?

நிரல்வாசி:
ஆமாம், பட விவரத்துக்கு ஒன்று. அடுத்த வெளியீட்டில் அதில் இரண்டு புலங்கள் சேரும்.

லிங்கர்பித்தன்:
அங்கே சிம்பல் பதிப்பு கைகொடுக்காது. நினைவகத்தை ஒதுக்குவது அழைப்பவர், பழைய அளவில் ஒதுக்குவார். அதை இன்னொரு லைப்ரரியிடம் தந்தால் அந்தப் பக்கம் எந்தக் குறியும் போகாது.

சுத்தசோம்பேறி:
அதை ஹெடரிலிருந்து எடுத்துவிட்டு பாயின்டர் (நினைவக முகவரி) மட்டும் கொடுங்கள், புலங்களைப் படிக்க ஃபங்ஷன் எழுதுங்கள். அந்த மாற்றத்துக்குத்தான் 2 வேண்டும். புலம் சேர்க்கும் வெளியீட்டுக்கு முன்னாலேயே செய்துவிடுங்கள்.